ஒன்றரையே வீசம்

மரக்காணம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டித் தெரியும் வெள்ளை உப்பு அம்பாரங்கள். எனக்கு அவற்றோடு ஒரு வாய்ப்பாடும் சேர்ந்தே நினைவுக்கு வரும். வெள்ளைக்காரன் காலத்தில் உப்பளத்து உப்பு வரி கட்டாமல் வெளியே போக முடியாது. வரி மணங்குக் கணக்கில். அந்த வரியைப் பெருக்கிப் பார்க்கத் தெரிந்தவன்தான் தன் காசைக் காப்பாற்றிக்கொள்ள முடியும்.

முதலில் அந்த மணங்கே ஒரு வில்லங்கம். நம் கடைத்தெருவில் மணங்கு என்றால் எட்டு வீசை, ஏறக்குறைய 25 ராத்தல். சர்க்கார் உப்புக்கு வைத்திருந்ததோ 3200 தோலா எடையுள்ள இந்திய மணங்கு. ராத்தலில் அது 82-ம் ஏழில் இரண்டு பங்கும். இதை அடுக்கிக்கொண்டே போனால் மிச்சம் நிற்கும் ஏழில் பங்கு 2, 4, 6, 1, 3, 5 என்று ஓடி, ஏழாவது மணங்கில் சரியாக 576 ராத்தலில் விழும். 120 மணங்கு சேர்ந்தது ஒரு கரிசை.

வரி விகிதத்தைப் பாருங்கள். 1888-ல் மணங்குக்கு இரண்டரை ரூபாய். 1903-ல் இரண்டு, 1905-ல் ஒன்றரை, 1907-ல் ஒன்று. 1916-ல் ஒன்றேகால். 1923-ல் சட்டசபை ஒப்புக்கொள்ளாதபோதும் வைஸ்ராய் ரீடிங் பிரபு தம் அதிகாரத்தால் மறுபடி இரண்டரை ஆக்கினார். அடுத்த ஆண்டே அது ஒன்றேகாலுக்கு இறங்கியது. 1930-ல் ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு அள்ளியபோது இருந்த வரியும் இதே ஒன்றேகால்தான்.

ஒன்றேகால் என்பது திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. 1-4, 2-8, 3-12, 5-0. நாலு மணங்குக்கு ஒரு தடவை அணா தீர்ந்து முழு ரூபாயாகிவிடும். ஒரு கரிசைக்கு 150 ரூபாய் வரி. (பேரப்பிள்ளைகள் யாராவது படித்தால்: 16 அணா ஒரு ரூபாய். 1-4 என்றால் ஒரு ரூபாய் நாலு அணா.)

1931 மார்ச்சில் காந்தி–இர்வின் உடன்பாடு வந்தது. கடலோரக் கிராமத்தார் தங்கள் செலவுக்கு உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள், செப்டம்பரில், உலகமெங்கும் மந்தம், கஜானாவில் துண்டு என்று சொல்லி நிதி மெம்பர் ஷூஸ்டர் அவசர மசோதா கொண்டுவந்தார். இருக்கிற வரிகள் மேல் நாலில் ஒரு பங்கு கூடுதல். உப்புக்கு அது மணங்குக்கு ஐந்து அணா. ஆக 1-9.

நம் பழைய கணக்கில் ஒரு ரூபாய்க்கு ஓர் அணா என்பது வீசம், பதினாறில் ஒன்று. மாகாணி என்றும் சொல்வோம். அப்படியானால் 1-9 ஒன்றரையே வீசம். அந்த ஒற்றை வீசம் வந்து ஒட்டிக்கொண்டதும் கணக்கின் முகமே மாறிவிட்டது. அடுக்கிப் பாருங்கள்:

1-9, 3-2, 4-11, 6-4, 7-13, 9-6, 10-15, 12-8, 14-1, 15-10, 17-3, 18-12, 20-5, 21-14, 23-7, 25-0.

நாலில் தீர்ந்துகொண்டிருந்தது இப்போது பதினாறு மணங்கு வரைக்கும் தீரவில்லை. ஒன்று முதல் பதினைந்து வரை எல்லா அணாவும் ஒவ்வொரு தடவை வந்துபோகிறது. ஆனால் தாறுமாறாக அல்ல. ஒன்று விட்டு ஒன்று படித்தால் 9, 11, 13, 15 என்று ஒற்றைப்படை ஒரு வரிசை. நடுவே 2, 4, 6, 8 என்று இரட்டைப்படை இன்னொரு வரிசை. முதலும் பதினைந்தும் கூட்டினால் 25. இரண்டும் பதினாலும் கூட்டினாலும் 25. எட்டு வரை மனப்பாடம் இருந்தால் போதும். 13 மணங்குக்கு எவ்வளவு? 25-ல் மூன்று மணங்கின் 4-11 போக 20-5.

37 மணங்கு உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பதினாறுக்கு 50 ரூபாய், மிச்சம் ஐந்துக்கு 7-13. ஆக 57-13. காகிதமும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம். இதே சரக்குக்கு முந்தைய விகிதத்தில் 46-4. வித்தியாசம் 11 ரூபாய் 9 அணா, அந்தக் காலத்தில் ஓர் ஏழைக் குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை. ஒரு கரிசைக்கு 150 என்பது 187-8 ஆகிவிட்டது. இந்தப் பணத்தில் ஒரு தம்பிடிகூடப் பாத்தியில் நின்று உப்பு வாரியவன் கைக்குப் போகவில்லை.

எண்சுவடியைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று பின்னால் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாகாணி வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஓதியவனுக்கு, 1-9 வந்த அன்றைக்கே இந்த வரிசை நாக்கில் இருந்திருக்கும். ஒன்றரை வாய்ப்பாட்டோடு வீசத்தைச் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. அச்சடித்த வரி அட்டவணை குமாஸ்தாவின் மேஜையில் இருக்கலாம். எதிரே நிற்பவனுக்கு வாய்ப்பாடுதான் துணை.

உப்பு வரி 1947 ஏப்ரலில் எடுபட்டது. பத்து வருஷம் கழித்து, 1957 ஏப்ரலில், நயா பைசா வந்தது. அந்த வரி அதுவரை நீடித்திருந்தால் மணங்குக்கு ஒரு ரூபாய் ஐம்பத்தாறேகால் நயா பைசா என்று ஆகியிருக்கும். அந்தக் கால் பைசாவை எப்படி வசூலித்திருப்பார்களோ!