பணிநிலையக் கணினித் திரைகள்: கறுப்பு வெள்ளையும் வண்ணமும்

பழைய பணிநிலையக் கணினிகளில் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் ஓர் இடம் உண்டு. புள்ளிக்கு ஒரு பிட் என்றால் கறுப்பு, வெள்ளை இரண்டே. எட்டு பிட் என்றால் 256 நிறங்கள். நினைவகச் சில்லுகள் விலை மிகுந்திருந்த 1970, 80களில் திரையின் தன்மையைப் பெரும்பாலும் இந்தக் கணக்கே தீர்மானித்தது.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1973இல் உருவான ஆல்டோ இவ்வகைக்கு முன்னோடி. தாளைப் போல நெட்டுவாக்கில் நின்ற அதன் திரையில் 606 × 808 புள்ளிகள். திரையை முழுதாக நிரப்பவே ஏறக்குறைய 60 கிலோபைட் தேவைப்பட்டது. கணினியில் இருந்ததோ மொத்தம் 128 கிலோபைட். அதே ஆண்டு, அதே மையத்தில், ரிச்சர்டு ஷூப் புள்ளிக்கு எட்டு பிட் கொண்ட சூப்பர்பெயின்ட் வண்ண ஓவிய அமைப்பை இயக்கினார்.

1980களில் சன் நிறுவனக் கணினிகளில் பரவலாக இருந்த திரை அளவு 1152 × 900. விசித்திரமாகத் தோன்றும் இந்த எண்களைப் பெருக்கினால் 10,36,800 வரும். 128 கிலோபைட்டில் அடங்குவது 10,48,576 பிட். கிடைத்த நினைவகத்தில் நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்குதான் வீணானது. அதே அளவில் எட்டு பிட் வண்ணம் வேண்டுமானால் எட்டு மடங்கு, அதாவது ஒரு மெகாபைட் தேவை.

விலை குறைவு என்பதற்காக மட்டுமே கறுப்பு வெள்ளையை வாங்கினார்கள் என்று சொல்ல முடியாது. வண்ணப் படக்குழாயில் மூன்று எலெக்ட்ரான் கற்றைகள் துளைத்தகட்டின் வழியே சென்று, தத்தம் நிறப்புள்ளியில் பிசகாமல் விழ வேண்டும். சிறிது விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ கசியும். கறுப்பு வெள்ளைக் குழாயில் ஒரே கற்றை, சீரான பூச்சு. எழுத்து கூர்மையாக இருக்கும். நாள் முழுதும் நிரல் எழுதுவோருக்கு அதுவே நல்ல திரை. 1988இல் வந்த நெக்ஸ்ட் கணினியின் 17 அங்குலத் திரை புள்ளிக்கு இரண்டு பிட் தந்து, கறுப்பு வெள்ளையோடு இரு சாம்பல் நிறங்களையும் சேர்த்தது. எழுத்தின் வளைவுகள் அதில் இன்னும் மென்மையாகத் தெரிந்தன.

எட்டு பிட் வண்ண அட்டைகளில் புள்ளியின் எண் நேரடியாக நிறத்தைக் குறிக்காது; 256 வரிசை கொண்ட நிற அட்டவணையில் ஓர் இடத்தைச் சுட்டும். அந்த இடத்தில் ஏறக்குறைய 1.67 கோடி நிறங்களில் ஒன்றை வைக்கலாம். இது சிக்கனமான ஏற்பாடுதான், ஆனால் பெரும்பாலான அட்டைகளில் முழுத் திரைக்கும் ஒரே அட்டவணை. ஒரு நிரல் தனக்கென வேறு அட்டவணையைப் போட்டுக்கொண்டால், சுட்டி அதன் சாளரத்துக்குள் நுழைந்ததும் மற்றச் சாளரங்களின் நிறங்கள் தாறுமாறாகும். வெளியே வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும்.

வண்ணத் திரைகளுக்குச் சன் பயன்படுத்திய 13டபிள்யூ3 இணைப்பியில் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு மூன்று தடித்த ஓரச்சு முனைகளும் பத்துச் சிறு முனைகளும் உண்டு. சிலிக்கான் கிராஃபிக்ஸ், ஐபிஎம் கணினிகளிலும் இதே வடிவ இணைப்பி வந்தது. உள்ளே முனைகளின் ஒதுக்கீடு வேறு என்பதால், ஒன்றின் திரை மற்றதில் பொருந்தினாலும் படம் வராமல் போகலாம்.

நினைவகம் மலிந்ததும் புள்ளிக்கு 24 பிட் தரும் அட்டைகள் 1990களில் பரவின. நிறம் புள்ளியிலேயே பதிவானதால் அட்டவணைக்கான போட்டி ஒழிந்தது. கறுப்பு வெள்ளைத் திரைகள் புதிய பணிநிலையங்களிலிருந்து விலகின.