தேர்தல் முடிந்த பின்னர்...

"வாக்களித்தீர், இனி வாய் திறவாதீர்" என்கின்றனர் ஆளவந்தார். "நாங்கள் சொல்வதைச் செய், இன்றேல் விலகு" என்று முழங்குகின்றனர் மக்கள். எது முறை? வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

1774 ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் வணிகப் பெருநகர் பிரிஸ்டல். அங்கே வெற்றி பெற்ற எட்மண்ட் பர்க், வாக்காளர் எதிரிலேயே, உங்கள் கருத்தை மதிப்பேன், ஆனால் என் அறிவை அதற்கு அடகு வைக்க மாட்டேன் என்ற பொருள்பட உரைத்தார். சொன்னபடி நடக்கவும் செய்தார். அயர்லாந்து வணிகத்தைப் பிணித்த தளைகளைத் தளர்த்துக என்றார். பிரிஸ்டல் வணிகர் சீறினர். கத்தோலிக்கரை வாட்டிய கொடுஞ்சட்டங்களைச் சிறிதளவு தளர்த்த 1778இல் வந்த சட்டத்தை ஆதரித்தார், மதவெறி கொதித்தது. 1780இல் பிரிஸ்டல் மக்கள் முன் மீண்டும் நின்றார். மன்னிப்புக் கேட்கவில்லை; காரணம் கூறினார். வெற்றி கிட்டாது எனக் கண்டதும், போட்டியிலிருந்து விலகினார்.

வீரந்தான், மறுக்கவில்லை. ஆனால், பர்க் காட்டிய வழியை எல்லா ஆளவந்தாரும் கேடயமாக்கிக் கொள்ளலாமா?

1832இல் வந்த சீர்திருத்தம் உழைப்பாளியின் வாசலை எட்டவில்லை. 1838இல் தொழிலாளர் 'மக்கள் சாசனம்' தீட்டினர், கோரிக்கைகள் ஆறு. 1842இல் 33 லட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களுடன் விண்ணப்பம் மன்றத்தை அடைந்தது. அனைவருக்கும் வாக்கு என்றால் சொத்துரிமை அழியும் என்று அச்சுறுத்தினார் மெக்காலே—ஆம், நம் நாட்டுக்குக் கல்வித் திட்டம் வகுத்தாரே, அவரேதான்! விண்ணப்பதாரரை அழைத்துக் கேட்கவும் மன்றம் மறுத்தது. மறுத்தவர் 287, ஆதரித்தவர் 49.

விளைவு? மறுக்கப்பட்டவை மடியவில்லை. 1872இல் இரகசிய வாக்கு. 1911இல் உறுப்பினருக்கு ஊதியம். 1918இல் ஆடவர் அனைவருக்கும் வாக்கு. ஆறில் ஐந்து சட்டமாயின. ஆண்டுதோறும் தேர்தல் என்ற ஒன்று மட்டும் ஏட்டோடு நின்றது.

பர்க் எதிர்த்தது, பிறர் உரிமையை நசுக்கும் கருத்தை. 1842 மன்றம் எதிர்த்ததோ, உரிமை கேட்ட குரலை. முன்னவர் மக்களிடம் சென்று விளக்கினார். பின்னவர் கதவைச் சாத்தினர்.

தோழர்களே! அளவுகோல் இதுதான். ஊர் சொல்வதெல்லாம் நீதியாகிவிடாது. பெரும்பான்மையின் வெறிக்குப் பணியும் ஆட்சி, ஆட்சியல்ல. எனினும், மறுப்பவர் மக்கள் முன் வந்து காரணம் கூறக் கடமைப்பட்டவர். அடுத்த தேர்தலில் தீர்ப்பை ஏற்கவும் கடமைப்பட்டவர். ஆண்டுக்கொரு தேர்தல் கிடைக்கவில்லை. ஆகவே, ஆண்டு முழுவதும் கேள்வி கேட்போம்!