போனோடு பிறந்தவர்களா நாங்கள்?

"உங்களுக்கென்ன, நீங்கள் போனோடையே பிறந்த பிள்ளையள்." இதை ஒருதரமாவது கேட்காமல் வளர்ந்தவர்கள் எங்களுக்குள் இல்லை. வீட்டு ரிவி ஏதோ கோளாறு பண்ணும்போதும், வங்கிச் செயலியில் காசு அனுப்ப வேண்டியிருக்கும்போதும் இந்த வசனம் பாராட்டாக வரும். பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று அதே வசனம் குற்றச்சாட்டாகத் திரும்பி வரும். இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே எண்ணம்தான்: இளம் ஆட்களுக்குத் தொழில்நுட்பம் தானாக வரும், யாரும் இருந்து சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது எங்கள் அம்மா அப்பாவிடம் தொடங்கியதும் இல்லை.

2001 ஒக்ரோபரில் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கர் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். கணினி, வீடியோ விளையாட்டு, இணையம் என்பவற்றுக்குள் வளர்ந்தவர்களை அவர் 'டிஜிட்டல் பூர்வீகர்கள்' என்றார். பிறகு வந்து பழகியவர்களை 'டிஜிட்டல் குடியேறிகள்' என்றார். பூர்வீகர்கள் சிந்திக்கிற விதமே வேறு, குடியேறிகளான ஆசிரியர்களுடைய பழைய முறையில் அவர்களுக்குப் படிப்பிக்க ஏலாது என்பது அவருடைய வாதம். அந்தக் கட்டுரையில் எந்தக் கள ஆய்வின் தரவும் இல்லை. எழுதியவர் கற்றலுக்கான கணினி விளையாட்டுகளைத் தயாரிக்கும் தொழிலில் இருந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆனாலும் அந்தச் சொற்சோடி உலகமெல்லாம் பரவியது. 'பூர்வீகர்', 'குடியேறி' என்ற இரண்டு சொற்களையும் வைத்து ஆட்களைப் பிரித்தால் என்னவெல்லாம் நடக்கும் என்று 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகும் எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சரி, அந்த 2001 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தில் என்ன நிலைமை? 1990 இல் அறுந்துபோன தேசிய மின்தொடர்பு அப்போதும் திரும்பி வந்திருக்கவில்லை. ஏ9 பாதை மூடிக் கிடந்தது. அடுத்த வருடம் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்த பிறகுதான் அது திறந்தது, கைத்தொலைபேசியும் அதற்குப் பிறகுதான் பரவலாக வந்தது. பிரென்ஸ்கியின் கணக்கில் அப்போது பாடசாலையில் இருந்த பிள்ளைகள் எல்லாருமே பூர்வீகர்கள். கொழும்பு 7 இல் இருந்த பிள்ளையும், கிளிநொச்சியில் இருந்த பிள்ளையும் ஒரே வருடத்தில் பிறந்திருந்தால் ஒரே 'தலைமுறை'.

அந்தப் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பற்றரி இல்லை, பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் கொள்ளை விலை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, அந்த விளக்கில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். டைனமோவுக்கு வயர் பூட்டிய பெடியனை யாரும் 'டைனமோப் பூர்வீகன்' என்று சொல்லவில்லை. அவனுக்கு அது இரத்தத்தில் வந்ததும் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணாவோ, சைக்கிள் கடைக்காரரோ காட்டிக்கொடுத்தார்கள், அவன் பார்த்துப் பழகினான்.

புதுக் கருவி வந்தவுடன் 'இனிப் பள்ளிக்கூடமே மாறிவிடும்' என்று சொல்வது பிரென்ஸ்கிக்கு வெகுகாலம் முந்திய பழக்கம். 1913 இலேயே தோமஸ் எடிசன், பாடப்புத்தகங்கள் சீக்கிரம் வழக்கொழிந்துவிடும், திரைப்படம் எல்லாவற்றையும் படிப்பிக்கும் என்று சொன்னார். பிறகு வானொலி, பிறகு தொலைக்காட்சி. லரி கியூபன் என்ற கல்வி வரலாற்றாசிரியர் 1986 இல் வெளியிட்ட நூலில் இந்தக் கதையை வரிசையாகச் சொல்கிறார்: முதலில் பெரிய வாக்குறுதி, பிறகு வகுப்பறையில் சொற்பப் பாவனை, கடைசியில் ஆசிரியர் மீது பழி.

எங்களுக்கு இதில் ஆர்வமான இடம் 1999 ஆம் ஆண்டை ஒட்டிய இரண்டு சம்பவங்கள். ஒன்று டெல்லியில். கல்காஜி என்ற பகுதியில் சுகதா மித்ரா ஒரு சுவரில் ஓட்டை போட்டு, சேரிப் பிள்ளைகளின் கைக்கு எட்டுமாறு இணையத்தோடு ஒரு கணினியை வைத்தார். ஆசிரியர் இல்லை, வழிகாட்டி இல்லை. பிள்ளைகள் தாங்களாகவே பழகினார்கள் என்ற செய்தி உலகத்தைச் சுற்றியது. 2013 இல் அவருக்கு 10 இலட்சம் டொலர் டெட் பரிசும் கிடைத்தது. ஆனால் நேரில் போய்ப் பார்த்த ஆய்வாளர் மார்க் வார்ஷவர் வேறு சில விஷயங்களையும் எழுதினார். இணையத் தொடர்பு ஒழுங்காக இயங்கவில்லை, ஹிந்தியில் உள்ளடக்கம் இல்லை, பிள்ளைகள் பெரும்பாலும் படம் வரைந்தும் விளையாடியும் கொண்டிருந்தார்கள். முட்டிமோதி முன்னுக்கு நிற்க முடிந்த பெடியன்களுக்கே கணினி கிடைத்தது என்ற விமர்சனமும் பிறகு வந்தது. 'தாங்களாகவே கற்பார்கள்' என்று விட்ட இடத்தில் பெட்டைப் பிள்ளைகள் பின்வரிசைக்குப் போனது எங்களுக்குப் புதினமான விஷயமும் இல்லை.

மற்றது எங்கள் நாட்டிலேயே, கொத்மலையில் நடந்தது. அங்கே சமூக வானொலி 1989 முதல் இயங்கிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் யுனெஸ்கோவின் ஆதரவோடு அந்த நிலையத்துக்கு இணையம் வந்தது. கணினியே பார்க்காத கிராமத்து ஆட்கள் கேள்விகளை அனுப்புவார்கள். நிலையத்தில் இருப்பவர்கள் இணையத்தில் தேடி, தங்கள் மொழியில் விளங்கப்படுத்தி, வானொலியில் சொல்வார்கள். பெரும்பாலும் சிங்களத்தில் நடந்த முயற்சி அது. சுற்றியிருந்த தோட்டங்களின் தமிழ்ச் சனத்துக்குக் கிடைத்தது குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அதில் ஒரு சரியான விளக்கம் இருந்தது. கருவிக்கும் ஆளுக்கும் இடையில் ஒரு மனிதர் வேண்டும், மொழி வேண்டும், கேள்வி கேட்க ஒரு வழி வேண்டும். இந்தக் கதையை எங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? உலகம் நினைவில் வைத்திருப்பது டெல்லிச் சுவரைத்தான். ஆசிரியர் சம்பளமே தேவைப்படாத திட்டத்தை எந்த அரசாங்கத்துக்குத்தான் பிடிக்காது.

2005 இல் நிக்கலஸ் நெக்ரொபொன்டே அறிவித்த '100 டொலர் மடிக்கணினி' இன்னும் பெரிய அளவில் இதே நம்பிக்கையில் ஓடியது. விலை 100 டொலருக்கு இறங்கவேயில்லை. பெரு நாடு 8 இலட்சத்துக்கு மேல் வாங்கியது. 2012 இல் வெளிவந்த ஆய்வு, அங்கே கிராமத்துப் பாடசாலைகளில் கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகளின் புள்ளிகள் கூடவில்லை என்று காட்டியது.

இதற்கிடையில் 'பூர்வீகர்' கதையைச் சிலர் சோதித்துப் பார்த்தார்கள். எஸ்டர் ஹர்கிட்டாய் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களைப் பார்த்து 2010 இல் எழுதினார்: ஒரே வயதுக்காரருக்குள்ளேயே இணையத் திறனில் பெரிய வித்தியாசம் இருக்கிறது, பெற்றோரின் படிப்பும் வசதியும் அதில் பேசுகின்றன. 2018 இல் பல நாடுகளின் 8 ஆம் வகுப்பு மாணவர்களைச் சோதித்த ஐ.சி.ஐ.எல்.எஸ். ஆய்வில் மிக உயர்ந்த மட்டத்தைத் தொட்டவர்கள் 2 சதவீதம் மட்டுமே. அந்த மட்டத்தில் கேட்கப்படுவது, ஒரு தகவலை நம்பலாமா என்று மதிப்பிடுவது மாதிரியான வேலைகள். ரிக்ரொக்கில் விரல் ஓடுகிற வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதெல்லாம் தெரிந்திருந்தும் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது எங்களுக்கு நடந்தது என்ன? அதுவரை பாடசாலைக்குப் போன் கொண்டுபோனால் பறித்து வைப்பார்கள், அம்மா அப்பா வந்து கையெழுத்து வைக்கவேண்டும். ஒரு கிழமையில் எல்லாம் தலைகீழாகி, அதே போன் வகுப்பறை ஆனது. 'ஒன்லைனில் படிக்கலாம்தானே, இந்தப் பிள்ளையளுக்கு அது சுகம்' என்றார்கள். அந்தக் காலத்தில் நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டில்தான் கணினி இருந்தது, தோட்டப் பகுதிகளில் அதைவிட மிகக் குறைவு. வீட்டில் ஒரு ஸ்மார்ட் போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு திரும்பி வந்தபிறகு மூன்று பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுக்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கவேண்டும். முதலில் சாதாரண தரம் எடுக்கிற அண்ணா, பிறகு தம்பி, நேரம் மிஞ்சினால் தங்கச்சி.

ஊவா மாகாணத்தில் பொஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகள் காட்டுவழியே நடந்து, பாறை உச்சிக்கு ஏறிப் பாடத்தை இறக்கிய படங்கள் 2021 இல் உலகச் செய்திகளில் வந்தன. அந்தப் பாறையில் ஆசிரியரும் இருந்தார். பிரென்ஸ்கியின் கணக்கில் அவர் குடியேறி, பிள்ளைகள் பூர்வீகர்கள், சிக்னல் மட்டும் இரண்டு பகுதிக்கும் ஒரேமாதிரி இல்லை. அதே ஆண்டு ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காகவும், கொத்தலாவல பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிராகவும் ஆசிரியர் சங்கங்கள் ஒன்லைன் வகுப்புகளிலிருந்து விலகின. மூன்று மாதத்துக்கு மேல் அது நீடித்தது. டேட்டாவைத் தங்கள் சொந்தக் காசில் போட்டுத்தான் பல ஆசிரியர்கள் அதுவரை படிப்பித்தார்கள் என்பதை அப்போதுதான் பலர் கவனித்தார்கள். எங்கள் ஆசிரியர்களை 'கொம்பியூட்டர் தெரியாத பழைய ஆட்கள்' என்று பகிடி பண்ணின எங்களுக்கும் அதில் ஒரு பங்கு விளங்கவேண்டியிருந்தது.

அடுத்த வருடம் கடதாசியே இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை பிற்போடப்பட்டது. மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. யாழ்ப்பாணத்து ஜாம் போத்தல் விளக்கைக் கதையாக மட்டும் கேட்டிருந்த நாங்கள், போனின் ரோர்ச் வெளிச்சத்தில் புத்தகம் வாசித்தோம், அதுவும் சார்ஜ் இருக்கும்வரை.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. 'பெடியள் எல்லாம் அதில்தான் செய்யினம்' என்ற பேச்சும் கூடவே வந்துவிட்டது, பாராட்டாகவும் குற்றச்சாட்டாகவும். செய்கிறோம்தான். அது தருகிற தமிழ் எவ்வளவு பிழை, சொல்கிற வரலாறு எவ்வளவு நம்பலாம் என்று சரிபார்க்க எங்களுக்கு எந்தப் பாடவேளையில் சொல்லித் தந்தார்கள்? அதைவிடச் சின்ன விஷயம் ஒன்று. தமிழ் மூலம் படித்து 13 வருடம் பாடசாலையில் இருந்த எங்களில் பெரும்பாலானோருக்குக் கணினி விசைப்பலகையில் தமிழ் தட்டச்சுத் தெரியாது. போனில் 'அம்மா' என்று எழுத ஆங்கில எழுத்துகளைத் தட்டி மாற்றுகிறோம். அலுவலகங்களில் இன்னும் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு வரும், எங்கள் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் அள்ளிக் கொட்டினமாதிரிக் கிடக்கும். அதை யூனிகோடுக்கு மாற்றத் தெரிந்த ஒருத்தி எங்கள் குழுவில் இருக்கிறாள். அவள் அதைப் பழகியது ரைப்பிங் கடை வைத்திருக்கிற ஐம்பத்தைந்து வயது அன்ரி ஒருவரிடம்.