திரவங்களின் பரும விரிவைக் கணக்கிடல்

திரவம் சூடேறும்போது அதன் பருமன் எவ்வளவு கூடும் என்பதற்குப் பாடநூல்கள் எளிய வழி சொல்கின்றன. தொடக்கப் பருமன், பரும விரிவுக் குணகம், வெப்பநிலை உயர்வு ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். பெட்ரோலின் குணகம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.00095, ஆகவே 12,000 லிட்டர் பெட்ரோல் 10 டிகிரி சூடேறினால் 114 லிட்டர் கூடும். நிறையோ மாறுவதில்லை. இந்தியாவில் எரிபொருளின் அடர்த்தியை 15 டிகிரிக்கு மாற்றிக் குறிப்பது இதனால்தான். ஆயினும் இக்குணகம் திரவத்தின் மாறாத இயல்பு அன்று. குறிப்பிட்ட வெப்பநிலையை ஒட்டிய சிறு இடைவெளிக்கே அது செல்லும்.

நீரே இதற்குச் சான்று. 20 டிகிரியில் நீரின் குணகம் 0.000207. அதைக் கொண்டு கணக்கிட்டால், 1,000 மில்லிலிட்டர் நீர் 80 டிகிரியை எட்டும்போது 12.4 மில்லிலிட்டர்தான் கூட வேண்டும். ஒரு கன சென்டிமீட்டர் நீரின் நிறையோ 20 டிகிரியில் 0.9982 கிராம், 80 டிகிரியில் 0.9718 கிராம். பருமன் அடர்த்திக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால் உண்மையான அதிகரிப்பு சுமார் 27 மில்லிலிட்டர்; சூத்திரம் அதில் பாதியைக்கூடக் காட்டவில்லை. நடு வெப்பநிலையான 50 டிகிரிக்குரிய குணகத்தை எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். இங்கே அது உண்மைக்கு மிக நெருங்கிய விடையையே தரும். 0 முதல் 8 டிகிரி வரையிலும் அம்முறை ஏறத்தாழ சுழி என்று சரியாகவே சொல்லும்; ஆனால் இடையில் 4 டிகிரி வரை நீர் சுருங்கி, பிறகு விரிந்ததை அது காட்டாது. அடர்த்தி அட்டவணை இரண்டையும் காட்டும்.

அடுத்தது கலனின் விரிவு. கண்ணாடி மிகக் குறைவாகவே விரிவதால் அதை விட்டுவிடலாம் என்பது பொதுவான வாதம். நீரை 80 டிகிரிக்குச் சூடாக்கும் கணக்கில் பிழை பெரிதாகாது. பாதரசத்தில் நிலைமை வேறு. அதன் உண்மை விரிவுக் குணகம் 0.000182, சாதாரணக் கண்ணாடியின் பரும விரிவுக் குணகம் சுமார் 0.000027. கண்ணுக்குத் தெரிவது இவற்றின் வித்தியாசமான தோற்ற விரிவு, 0.000155. உண்மையைவிட இது சுமார் 15 விழுக்காடு குறைவு. கலனின் குறுக்கீடு இல்லாமல் பாதரசத்தின் உண்மை விரிவை அளக்க, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிவியலாளர்கள் டூலாங், பெட்டி இருவரும் வளைகுழாய் ஒன்றின் ஒரு கையைப் பனிக்கட்டியிலும் மறு கையைச் சூட்டிலும் வைத்தனர். சமநிலையில் உயரங்களின் விகிதம் அடர்த்திகளை மட்டுமே பொறுத்தது. குழாயின் அகலம் கணக்கில் வராது. ஆகவே சிறு வெப்பநிலை மாற்றத்துக்குக் குணகமே போதும். பெரிய மாற்றத்துக்கு அடர்த்தி விகிதம் வேண்டும். கலனிலிருந்து வழிவது எவ்வளவு என்று அறிய, கலன் விரிந்த அளவையும் கழிக்க வேண்டும்.