ஒற்றியூர் முதல் மகாகவி பாரதி நகர் வரை: வடசென்னையின் பாட்டு மரபு

வியாசர்பாடியை ஒட்டி அமைந்த எம்.கே.பி. நகரின் முழுப்பெயர் மகாகவி பாரதி நகர் என்பதை அங்கு வாழ்வோர் அனைவரும் அறிவர். ஆயினும், பெருங்கவிஞர் ஒருவரின் பெயரைத் தாங்கிய இக்குடியிருப்பு, திருவொற்றியூரில் தொடங்கித் தண்டையார்பேட்டை, இராயபுரம், பெரம்பூர் என ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்துவந்த ஒரு பாட்டு மரபின் நிலத்தில் எழுந்தது என்பதைத் தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் போதிய அளவு பேசவில்லை. துறைமுகம், பஞ்சாலை, அனல்மின் நிலையம் என்று தொழிலைக் கொண்டே இப்பகுதியை அடையாளம் காணும் பழக்கம், அதன் புலவர்களை மறைத்துவிட்டது.

இம்மரபின் முதல் நிலைக்களம் திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலாகும். சம்பந்தர், நாவுக்கரசர், சுந்தரர் ஆகிய மூவரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். சுந்தரர் சங்கிலியாரை மணந்து, கோயில் மகிழமரத்தடியில் பிரியேன் என்று உறுதி கூறிய நிகழ்ச்சியைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். எழுத்தோடு இத்தலம் கொண்ட உறவு தனிச்சிறப்புடையது. மன்னன் ஒருவன் வரி தொடர்பாக விடுத்த ஆணை ஓலையின் வரிகளுக்கிடையில் ஒற்றியூருக்கு மட்டும் அது பொருந்தாது என்று இறைவனே எழுதிச் சேர்த்ததாகவும், அதனால் அவருக்கு எழுத்தறியும் பெருமான் என்னும் பெயர் வழங்கியதாகவும் தலமரபு கூறும். சோழர் காலத்தில் இங்கு வியாகரணதான மண்டபம் ஒன்று, அதாவது இலக்கணம் கற்பிப்பதற்கென அமைந்த மண்டபம், இயங்கியதைக் கோயிற் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. கம்பர் இரவில் இராமாயணம் எழுதியபோது வட்டப்பாறையம்மன் பந்தம் பிடித்தாள் என்ற கதையை வரலாறாகக் கொள்ள இயலாது. எனினும், எழுதுவோனுக்குத் தெய்வமே வெளிச்சம் காட்டிய ஊர் என்று மக்கள் ஓர் ஊரை நினைவில் வைத்திருப்பது, புலமைக்கு அங்கிருந்த மதிப்பைக் காட்டும் நல்ல சான்றே. பட்டினத்தார் சமாதி கொண்டதும் இவ்வூர்க் கடற்கரையில்தான் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை.

கோயிலைச் சார்ந்து வளர்ந்த இப்பாட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெருவுக்கும் குடிசைக்கும் இறங்கி வந்ததற்கு முதன்மைக் காரணர் குணங்குடி மஸ்தான் சாகிபு ஆவார். இராமநாதபுரச் சீமையில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் 1792-இல் பிறந்த சுல்தான் அப்துல் காதிர், இளமையிலேயே துறவு பூண்டு பல ஊர்களில் தவமிருந்தபின், அந்நாளில் புதர் மண்டிக்கிடந்த இராயபுரப் பகுதிக்கு வந்து தங்கி, 1838-இல் அங்கேயே மறைந்தார். அவரது தர்கா இன்றும் அங்கு உள்ளது. தொண்டியிலிருந்து வந்த அவரை மக்கள் தொண்டியார் என்று அழைத்ததாலேயே தண்டையார்பேட்டைக்கு அப்பெயர் வந்தது என்பது அவ்வட்டாரத்தார் கூற்று.

மஸ்தான் சாகிபு மிகுதியாகக் கையாண்ட வடிவம் கண்ணி. ஈரடியில் ஒரு கருத்தை முடித்து, ஒவ்வொரு கண்ணியின் இறுதியிலும் ஒரே விளியைத் திரும்பத் திரும்ப அமைத்துச் செல்லும் இவ்வடிவம், ஏடு படிக்கத் தெரியாதவரும் இருமுறை கேட்டால் மனனம் செய்துகொள்ளத் தக்கது. ஒருவர் அடிகளைப் பாட, சுற்றியிருப்போர் விளியை மட்டும் சேர்ந்து பாடவும் இடம் தருவது. தாயுமானவர் கையாண்ட இவ்வடிவத்தை மஸ்தான் சாகிபு சூஃபி ஞானத்துக்கு, அதாவது இறைவனைக் காதலால் அடையும் இசுலாமிய மெய்ந்நெறிக்கு, உரியதாக்கினார். இறையருளை மனோன்மணி என்னும் பெண்ணாகப் பாவித்து ஏங்கும் மனோன்மணிக் கண்ணியும், ரகுமான் கண்ணியும், அகத்தீசன் சதகமும் ஒரே புலவரிடமிருந்து பிறந்தன என்பதும், திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் என்னும் சைவப் புலவர் அவர்மீது நான்மணிமாலை பாடினார் என்பதும், சமய எல்லைகளைக் கடந்து தமிழ் ஒன்றே உறவாக நின்ற ஒரு காலத்தை உணர்த்துகின்றன. இத்தகைய புலவரைச் சித்தர் பாடல் தொகுப்பின் ஓர் ஓரத்தில் வைத்துவிட்டு இலக்கிய வரலாறு கடந்துசெல்வது பெருங்குறையாகும்.

மஸ்தான் சாகிபுக்கு அடுத்த தலைமுறையினரான இராமலிங்க அடிகள் (1823–1874), ஏழுகிணறுப் பகுதியின் வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வாழ்ந்து, ஒற்றியூருக்குப் பலகாலும் சென்று வழிபட்டு, வடிவுடை மாணிக்கமாலை, எழுத்தறியும் பெருமான் மாலை முதலியவற்றை இயற்றினார். தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியால் 1867-இல் அச்சேறிய திருவருட்பா, அருட்பாவா மருட்பாவா என்னும் நெடிய சொற்போரைக் கிளப்பி நீதிமன்றம் வரை சென்றது. இசையிலும் ஒற்றியூர் பின்தங்கவில்லை. கர்நாடக இசைப் பாவலர் தியாகராசரின் மாணவரான வீணை குப்பையர் இவ்வூரினர், அத்தியாகராசர் இத்தலத்துத் திரிபுரசுந்தரிமீது பாடிய ஐந்து கீர்த்தனங்கள் திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என வழங்குகின்றன.

இந்தியர் அச்சகம் நடத்துவதற்கிருந்த தடைகள் 1835-இல் நீங்கியபின், தங்கசாலைத் தெருவைச் சுற்றிப் பதிப்புத் தொழில் பெருகியது. பண்டித நூல்களோடு, குஜிலிக் கடை என்னும் சந்தையில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களும் வெளிவந்தன. கொலை, புயல், இரயில் விபத்து, 1914 செப்டம்பர் 22-இல் எம்டன் கப்பல் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய செய்தி என எதுவும் சில நாளில் சிந்தாகவோ கும்மியாகவோ உருவெடுத்து, விற்பவராலேயே உரக்கப் பாடப்பட்டது. ஆ. இரா. வேங்கடாசலபதி இவற்றை முச்சந்தி இலக்கியம் என்ற பெயரில் ஆராய்ந்து நூலாக்கியுள்ளார்.

பெரம்பூர்ப் பஞ்சாலைகள் இம்மரபுக்கு வேறொரு கேள்விச் சபையை உருவாக்கின. பக்கிங்காம் ஆலை 1876-இலும் கர்நாடிக் ஆலை 1881-இலும் தொடங்கப்பட்டன. ஆலைத் தொழிலாளர் சமயச் சொற்பொழிவு கேட்கவென்று கூடிய வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபையில் திரு.வி. கலியாணசுந்தரனார் பேசிவந்தார், அச்சபையை நடத்திய செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் தொழிலாளரின் துயரத்தை நேரிற் கண்டு பி.பி. வாடியாவை அணுகியதன் விளைவாக, 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எனப் போற்றப்படும் அமைப்பு, சமயச் சொற்பொழிவு கேட்கக் கூடிய ஒரு சபையிலிருந்து முளைத்தது என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. அரசியல் கூட்டங்களில் ஆங்கிலமே கோலோச்சிய நாளில், ஆலைத் தொழிலாளர்முன் திரு.வி.க. பேசிய தமிழ் பிற்கால மேடைத் தமிழுக்கு வித்தானது. ஆயின் அந்த ஒற்றுமை நிலைக்கவில்லை; 1921 வேலைநிறுத்தத்தில் சாதி வேற்றுமை தொழிலாளரைப் பிளந்து, புளியந்தோப்பு வன்முறையில் முடிந்தது. ஆலை 1996-இல் மூடப்பட்டது.

ஆலைச் சங்கு ஓய்ந்த பின்னும் ஓயாதது கானா. சாவு வீட்டின் முன் பந்தலிட்டு, இரவு முழுவதும் டோலக்கின் தாளத்தோடு பாடப்படும் இப்பாடல், இறந்தவரின் பெயர், உறவு, தொழில், குணம் ஆகியவற்றைப் பாடகர் அங்கேயே கேட்டறிந்து பாட்டில் பொருத்திப் பாடும் ஆற்றலை வேண்டுவது. இலக்கண நூலார் ஆசுகவி என்று சிறப்பித்த, கொடுத்த பொருளில் உடனே பாடும் திறன் இதுவே. சித்தர் பாடலும் மஸ்தான் சாகிபின் கண்ணிகளும் கானாவின் நிலையாமைக் கருத்திலும் திரும்பி வரும் அடிகளிலும் கலந்துள்ளன என்று கருத இடமுண்டு. கானா உலகநாதன் 2006-இல் வெளிவந்த ‘சித்திரம் பேசுதடி’ படத்தின் வழியாகவும், கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு 2018 சனவரி முதல் பொது மேடைகளிலும் இதனை வெளியுலகுக்குக் கொண்டுசென்றனர். கரன் கார்க்கியின் ‘கறுப்பர் நகரம்’, பாக்கியம் சங்கரின் ‘நான் வடசென்னைக்காரன்’ ஆகியவை இதே வாழ்வை உரைநடையில் பதித்தவை.

நிலக்கரிச் சுரங்கமும் துறைமுகமும் கொண்ட தொழில் நிலமான வேல்ஸ் தன் பாவலரை நடத்திய முறை இங்கு ஒப்பிடத்தக்கது. ரீஸ் என்னும் சிற்றரசர் 1176-இல் கார்டிகன் கோட்டையில் கூட்டிய போட்டியில் தலைசிறந்த பாவலருக்கு இருக்கை அளிக்கப்பட்டது. ஐஸ்டெத்வொட் எனப்படும் அவ்விழாவில் இன்றும் அதே பரிசு வழங்கப்படுகிறது. 1917-இல் அவ்விருக்கைக்குரியவர் ஹெத் வின் என அறிவிக்கப்பட்டபோது, ஆடு மேய்க்கும் குடும்பத்தைச் சேர்ந்த அக்கவிஞர் சில வாரங்களுக்கு முன்பே போரில் மாண்டிருந்தார். இருக்கையின்மீது கறுப்புத் துணி போர்த்தி அம்மக்கள் அவரைப் போற்றினர்.

வடசென்னையிலோ, ஓர் இரவு முழுவதும் பாடிய கானாப் பாவலரின் பெயர் பெரும்பாலும் அந்தத் தெருவைத் தாண்டுவதில்லை. பாடல்கள் பல பாடியவரோடு மறைந்துவிட்டன. எனவே, எஞ்சியிருக்கும் மூத்த பாடகர்களின் பாடல்களை அவர்கள் பெயரோடும், பாடிய இடம், காலத்தோடும் பதிவு செய்து, தேவாரமும் குணங்குடியார் பாடலும் திருவருட்பாவும் இடம்பெறும் அதே இலக்கிய வரலாற்றில் கானாவுக்கும் ஓர் இயல் ஒதுக்குவது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் கடமை. அப்பணியை மகாகவி பாரதி நகர், வியாசர்பாடித் தெருக்களிலிருந்தே அவை தொடங்க வேண்டும்.