பெயரற்ற குரல்: விளம்பரக் குரல்தொழில் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

வானொலி வரலாறு எழுதியவர்கள் நிலையங்களைப் பற்றியும் அரசின் கொள்கைகளைப் பற்றியும் புகழ்பெற்ற அறிவிப்பாளர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். விளம்பரம் சொன்ன குரல்களைப் பற்றி நான் படித்தது மிகச் சொற்பம். 'அதுல என்னய்யா வரலாறு இருக்கு, முப்பது செகண்டு வந்துட்டுப் போறது' என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அந்த முப்பது நொடிக்கு விலை வைக்கப்பட்ட கணத்திலேயே அதற்கு வரலாறு தொடங்கிவிட்டது என்று எனக்குப் படுகிறது. குரல் கொடுப்பவர் விற்பது தன் உழைப்பையா, உடைமையையா என்பதே அவ்வரலாற்றின் மையக் கேள்வி.

துணைக்கண்டத்தில் இத்தொழில் வேர்பிடித்தது கொழும்பில். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. 1952இல் அமைச்சர் கேஸ்கரின் காலத்தில் ஆகாசவாணி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்தபோது கேட்பவர்களும் விளம்பரதாரர்களும் ஒருசேரக் கொழும்பின் பக்கம் திரும்பினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் ஒரு பற்பசையின் பெயரைத் தாங்கி 'பினாக்கா கீத்மாலா' வந்தது. பம்பாயில் பதிவாகி, கொழும்புக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து இந்திய வீடுகளுக்குத் திரும்பியது அமீன் சயானியின் குரல். தொடக்கத்தில் வாரத்துக்கு 25 ரூபாய்தான் கூலி என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆள் ஓரூரில் இருக்க, குரல் கடல்தாண்டிச் சரக்காகப் போய் வந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். விவித பாரதி 1957இல் பிறந்தது. 1967 நவம்பரில் பம்பாய், புனே, நாகபுரி நிலையங்களில் அது விளம்பரம் ஏற்கத் தொடங்கியது. 1976இல் தூர்தர்ஷனும் சேர்ந்துகொண்டது. குரல்தொழிலுக்கு உள்நாட்டிலேயே சந்தை அமைந்தது இப்படித்தான்.

ஆனால் சயானி விதிவிலக்கு. அவருக்குப் பெயர் இருந்தது. தமிழ்ச் சேவையில் மயில்வாகனத்துக்கும் அப்துல் ஹமீதுக்கும் பெயர் இருந்தது. தமிழ்நாட்டு வீடுகளில் அவர்களை உறவுக்காரர் போலப் பேசிக்கொண்டார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பல்பொடியும் தலைவலி மாத்திரையும் விற்கப் பதிவுசெய்யப்பட்ட குரல்களை நாம் மனப்பாடமாக அறிவோம். யாருடையவை என்று கேட்டதில்லை.

இந்தப் பெயரின்மை தற்செயலானதல்ல, உழைத்து உற்பத்தி செய்யப்படுவது. ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வரும் கட்டளைகளைக் கேட்டுப் பாருங்கள்: 'சிரிச்சுக்கிட்டே படிங்க', 'உங்க ஊர் வாடை அடிக்குது சார், கொஞ்சம் கொறைங்க'. ஊர், சாதி, வயது எதுவும் ஒட்டாத ஒரு தமிழ் அங்கே இழைப்புளி போட்டு இழைக்கப்படுகிறது. உர விளம்பரம் என்றால் மட்டும் கிராமத்துப் பேச்சு வேண்டும். அதுவும் அளந்து பூசிய ஒப்பனையாக. ரோலான் பார்த் 1972இல் எழுதிய கட்டுரையொன்றில் குரலின் சொரசொரப்பு என்று ஒன்றைப் பேசினார். பாடுகிறவரின் உடல் குரலில் விட்டுச்செல்லும் தடம் அது. விளம்பரத் தொழிலோ அத்தடத்தை அழிப்பதற்கே கூலி தருகிறது.

கூலிக்கு வருவோம். அமெரிக்காவில் வானொலிக் கலைஞர்கள் 1937இலேயே சங்கம் கண்டார்கள். விளம்பரம் ஒளிபரப்பாகும் ஒவ்வொரு முறைக்கும் பணம் என்ற ஏற்பாடு அங்கே போராடிப் பெறப்பட்டது. அதை ஒரே மொத்தத் தொகையாக மாற்ற முதலாளிகள் முனைந்தபோது 2000 மே முதல் அக்டோபர் வரை ஆறு மாதம் வேலைநிறுத்தம் நடந்தது. முறைக்கொரு பணம் என்பது குரலை உடைமையாகக் கருதுவது. மொத்தத் தொகை என்பது அதை ஒருநாள் வேலையாகக் கருதுவது. சென்னையில் நான் பேசிய குரல்கலைஞர்கள் சொன்னதோ, 'படிச்சமா, காசு வாங்குனமா, அதோட சரி' என்பதுதான்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை 1994இல்தான் திருத்தமாக நுழைந்தது. யார் நிகழ்த்துநர் என்ற பட்டியலில் நடிகர், பாடகர், நடனக்காரர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டிகூட இருக்கிறார். விளம்பரக் குரல் இல்லை. 'நிகழ்த்துகிற வேறு எவரும்' என்ற கடைசித் தொடரில்தான் அவர் ஒண்டிக்கொள்ள வேண்டும். சட்டத்திலும் பெயரில்லை.

நீதிமன்றங்கள் குரலைக் காப்பாற்றியதே இல்லையா என்றால், காப்பாற்றியிருக்கின்றன. ஃபோர்டு கார் விளம்பரத்துக்காகப் பாடகி பெட் மிட்லரின் குரலைப் போலச் செய்தது தவறு என 1988இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடகர் அரிஜித் சிங்கின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் நகலெடுப்பதற்கு 2024 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: அக்குரல் பரவலாக அறியப்பட்டது. அடையாளத்தை அழிப்பதையே தொழில்திறனாகக் கற்றவர் இந்த அளவுகோலின்முன் எதைக் காட்டுவார்? சூசன் பென்னட் என்ற அமெரிக்கக் குரல்கலைஞர் 2005 ஜூலையில் வரிவரியாகப் பொருளற்ற வாக்கியங்களைப் படித்துக் கொடுத்தார். 2011இல் அக்குரல்தான் ஆப்பிள் கைப்பேசியில் 'சிரி'யாகப் பேசுவதை, அதைக் கேட்ட சக கலைஞர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தார். ஆப்பிள் இதை உறுதிப்படுத்தியதில்லை.

எனவே எந்திரம் வந்து குரலைத் திருடிவிட்டது என்ற இன்றைய புலம்பலில் எனக்கு முழு உடன்பாடில்லை. ஆளிடமிருந்து குரலைப் பிரித்தெடுக்கும் வேலை கொழும்புக்குப் பதிவு அனுப்பிய நாட்களிலேயே தொடங்கிவிட்டது. எந்திரம் அதை முடித்து வைக்கிறது. இனி அந்த ஒருநாள் கூலியும் மிச்சம். இத்தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்களுக்கு மூச்சுப் பயிற்சியும் ழகரப் பயிற்சியும் தருகிறோம். பதிவு எத்தனை மாதத்துக்கு, எந்தெந்த ஊடகத்துக்கு, எந்திரத்தைப் பழக்க அதைப் பயன்படுத்தலாமா கூடாதா என்ற மூன்று வரிகளை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கவும் கற்றுத்தர வேண்டும். தனியாளாகக் கேட்டால் 'அடுத்த ஆளைக் கூப்பிடு' என்பார்கள். 2000இல் தெருவுக்கு வந்தவர்கள் அதனால்தான் தனியாளாக வரவில்லை.