நடுவில் ஒரு புகைபோக்கி: நான்டக்கெட் தீவின் பழைய வீடு

இன்னைக்கு ஒரே ஒரு வீட்டைப் பத்தித்தான் பேசப் போறோம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் நான்டக்கெட்னு ஒரு தீவு. அங்கே 1686-ல் கட்டின ஜெத்ரோ காஃபின் வீடு இப்போ மியூசியம். வேலை விஷயமா பாஸ்டன் போனப்போ, ஒரு சனிக்கிழமை படகு ஏறிப் போய்ப் பார்த்தேன்.

அந்த வீட்டைப் பத்தி எல்லாரும் சொல்றது கல்யாணக் கதைதான். தீவை வாங்கின முதல் குடும்பங்கள் முழுப்பங்குக்காரங்க. பிறகு கைத்தொழில் தெரிஞ்சவங்களை அரைப்பங்கு கொடுத்து வரவழைச்சாங்க. ஊர் விவகாரத்துல யாருக்கு எவ்வளவு குரல்னு பெரிய சண்டை. ஒரு பக்கம் ட்ரிஸ்ட்ரம் காஃபின், எதிர்ப்பக்கம் ஜான் கார்ட்னர். கடைசியில் காஃபினின் பேரன் ஜெத்ரோவுக்கும் கார்ட்னரின் மகள் மேரிக்கும் கல்யாணம். மேரிக்கு அப்போ 16 வயசு. நிலம் பெண் வீட்டார் கொடுத்தது, மரம் மாப்பிள்ளை வீட்டார் கொடுத்தது என்பார்கள். (தீவில் ஏற்கெனவே வாழ்ந்த வாம்பனோக் மக்களுக்கு இந்தப் பங்குக் கணக்கில் இடமே இல்லை.)

எனக்கு அதைவிடப் பிடிச்சது புகைபோக்கி. வீட்டுக்கு நட்டநடுவில் செங்கல்லால் எழுப்பின பெரிய தூண் மாதிரி நிக்குது. இரண்டு பக்க அறைகளின் அடுப்புக்கும் அதுதான் வழி. கடல்காத்து அடிக்கிற குளிர்காலத்துல, சூடேறின அந்தச் செங்கல்தான் வீட்டுக்கே கதகதப்பு. அதனால சமையல், தையல், குழந்தை வளர்ப்பு எல்லாமே அந்த நெருப்பைச் சுத்தித்தான் நடந்திருக்கணும். ஒரே சர்வர்ல மொத்த ஆபீசும் ஓடுற மாதிரி!

அந்த சர்வர் ஒருநாள் விழுந்தது. 1987-ல் இடி விழுந்து புகைபோக்கி சரிஞ்சது, கூரையும் பாதி போச்சு. மறுபடி கட்டினாங்க. அதுக்கு முன்னாடியே, 1920-களில் பெரிய புதுப்பிப்பு ஒண்ணு நடந்திருந்தது. எல்லாரும் போட்டோ எடுக்கிற வைரக்கட்டக் கண்ணாடி ஜன்னல்கள் அப்போ வெச்சவை, 17-ஆம் நூற்றாண்டு வீடு இப்படி இருந்திருக்கும்னு ஒரு கணிப்பு. அதை ஏமாத்துன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா மேரி அந்தக் கண்ணாடி வழியா பார்த்தாள்னு கற்பனை பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிக்கணும்.

அடுப்போட இடம் வேற விஷயம். புகைபோக்கியை நடுவில் வெச்சுத்தான் அறைகளையே பிரிச்சிருக்காங்க. 1708-ல் வீட்டை வித்துட்டு அவங்க கிளம்பும் வரைக்கும், மேரியின் 22 குளிர்காலங்கள் அங்கேதான்.